மௌனம் வந்தானா?

1

இந்தக் கதை ஓர் ஆலிவ் எண்ணெய் டின்னிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். கதை எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மழை என்பார்கள், கனவு என்பார்கள். எனக்கு டின். நான் வேலை பார்க்கும் ஷார்ஜா சூப்பர் மார்க்கெட்டில் ஸ்பெயின் உணவு வாரம் நடந்தது. டின்களை அலமாரியில் அடுக்கும்போது ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் க்யூஆர் கோடு. தள்ளுபடி ஏதாவது இருக்கும் என்று போனைக் காட்டினேன். கறுப்பு வெள்ளையில் ஒரு கழுதை வந்து நின்றது.

கழுதைக்குப் பின்னால் வண்டி. வண்டியில் ஒரு பெரிய பீரோ. ஒருவன் அதைப் பொட்டல் காட்டு வழியாக ஓட்டிக்கொண்டு போகிறான். எங்கே, எதற்கு, ஒன்றும் தெரியவில்லை. நான் டின்னைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் கடை என் கண்ணுக்குத் திரும்பியது.

அது ஆன்லைன் திரைப்பட விழா. ஸ்பெயின் நாட்டின் பழைய படங்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாம், கட்டணம் இல்லை, மாதத்தின் கடைசி வெள்ளியோடு முடிகிறது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். கழுதையும்தான். இருந்தாலும் அது என் உள்ளங்கையில் மூச்சு வாங்கிக்கொண்டு போனது.

என் பெயர் முகமது அனஸ். ஊர் பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காடு. இந்தக் கதையை நான் கையால் எழுதவில்லை. மைக்கை அழுத்திச் சொல்கிறேன், போன் எழுதுகிறது. சொல்வது ஊர்ப் பேச்சில். பிறகு உட்கார்ந்து அச்சுத் தமிழுக்கு மாற்றுகிறேன். போன் காதில் தவறாக விழுந்த சிலவற்றைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். ஏன் விட்டேன் என்பது போகப் போகத் தெரியும். இப்படிச் சொல்லி எழுதும் பழக்கம் கதை எழுத வேண்டும் என்று வந்ததில்லை. அம்மாவுக்காக வந்தது.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "வெள்ளாற்றில் தண்ணீர் வற்றிய மாதத்தில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு பெண் பேசுவதை நிறுத்தினாள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுக்கும் அம்மா பேசாததற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த மாதம் ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இங்கே தக்காளி சாஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: "சாகிராவுக்குக் காது" [சாகுற ஆவுக்கு காது] இதை இங்கேயே நிறுத்திவிட்டேன். அம்மாவைப் பெயர் சொல்லி எழுதினால் கதை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போன் எழுதியதைப் பார்த்ததும் அழித்துவிடத்தான் தோன்றியது.

தொடக்கம் மூன்று: "கறி வேகலடி."

இதுதான் சரியான தொடக்கம். என்ன, இதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போன வருடம் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது. பெரம்பலூரில் டாக்டர் மிஷின் வைத்துவிட்டார். அம்மா அதை ஒரு வாரம் போட்டுப் பார்த்தாள். "மிக்சி ஓடுற மாதிரியே இருக்குடி" என்று என் தங்கை ஆஃப்ராவிடம் சொல்லிவிட்டுக் கழற்றி வைத்தாள். அதுவரை பேச்சு நிற்கவில்லை. அவளுக்குக் கேட்காது, ஆனால் பேசுவாள்.

பிறகு அரியலூரில் ஒரு நிக்காஹ். அத்தாவின், அதாவது என் அப்பாவின், செருப்புக் கடை அரியலூரில்தான், அதனால் போகாமல் இருக்க முடியாது. பெண்கள் பக்கம், சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பிரியாணி. அம்மா ஆஃப்ராவின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: "கறி வேகலடி. கல்லு மாதிரி இருக்கு. தால்ச்சாவ ஊத்தி முழுங்கிட்டு வா."

ரகசியம் என்று அவள் நினைத்தாள். அவள் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல அவள் காது இல்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. கறி வாளியோடு பின்னால் நின்றது மணப்பெண்ணின் அம்மா.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்கிறாள் ஆஃப்ரா. ஆனால் அம்மாவுக்குச் சிரிப்பு கேட்கவில்லை. மண்டபத்தில் இருந்த வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்ததை மட்டும் பார்த்தாள். எதிரில் இருந்த ஒரு மாமி உள்ளங்கையைக் கீழே பார்க்கக் காட்டி, மெதுவாக இரண்டு முறை அமுக்கினார். மெதுவா, மெதுவா.

அம்மா தன் வாயை மூடினாள். அதன் பிறகு திறக்கவில்லை.

(நான் அங்கே இல்லை. சஹன், வாளி, உள்ளங்கை எல்லாம் ஆஃப்ரா சொன்னது. வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன என்பதை மட்டும் நான் சேர்த்தேன். இல்லை, அதுவும் அம்மாவே ஒரு நாள் எழுதி அனுப்பியது. "எல்லாரும் வாயத் தொறந்தாங்க." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.)

3

வீட்டில் சமையலறையிலிருந்து கூடத்தில் இருக்கும் ஆஃப்ராவுக்கு அம்மா வாட்சப்பில் செய்தி போடுவாள். "உப்பு டப்பா எங்க." ஆஃப்ராவும் பதில் போடுவாள். வந்தவர்கள் பார்த்தால் வினோதமாக இருக்கும். எனக்கு அதுவும் கிடையாது. எனக்குப் போடுவது "சாப்டியா", "ம்". நான் பேசி அனுப்பும் வாய்ஸ் நோட்டு அவளுக்குப் பயன்படாது. அதனால்தான் மைக்கை அழுத்திப் பேசி, எழுத்தாக்கி அனுப்பப் பழகினேன்.

என் பயம் ஒன்றே ஒன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் குரல் எனக்கு மறந்துகொண்டிருந்தது. அவள் அனுப்பிய பழைய வாய்ஸ் நோட்டுகள் போன் மாற்றும்போது போய்விட்டன. அனஸ் என்று அவள் சொல்லமாட்டாள், அனசு என்பாள். அந்த 'சு' எப்படி முடியும் என்று வேலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக என் குரலாக மாறிக்கொண்டே வந்தது.

கழுதைப் படத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஏன் தோன்றியது? இந்த இடத்தில் ஒரு நல்ல காரணம் சொல்ல ஆசைப்படுகிறேன். "மௌனப் படம்போல வாழும் ஒருத்திக்கு" என்று ஒரு வாக்கியம் தொடங்கி, கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். உண்மையான காரணம், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

லிங்க் அனுப்பினேன். ஜும்மா தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஆஃப்ரா கூப்பிட்டாள்.

"அண்ணே, போன்ல இங்கிலீஷ் எழுத்து வருது. டி.வி.க்கு அனுப்புனா படம் மட்டும் வருது, எழுத்து வரல."

"அப்ப போன்லயே பாருங்க."

"அம்மாவுக்குப் போன்ல கண்ணு தெரியுமா? ஆளு எறும்பு மாதிரி இருக்கு."

"சரி, நீ டி.வி.யில போடு. நான் இங்க பாத்து, பேசி, தமிழ்ல அம்மாவுக்குப் போடுறேன்."

"படம் பூராவுமா?"

"பூராவும்தான். ஒனக்கு என்ன?"

"எனக்கென்ன, ஒனக்குத்தான் தொண்ட போவும்."

லீவானாலும் வைஃபைக்காகக் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கம்பெனி போனில் படம், என் போனில் மைக். 'ஒன்னு, ரெண்டு, மூணு' சொல்லி இரண்டு நாட்டிலும் ஒரே நொடியில் தொடங்கினோம். நான் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து, ஊர்ப் பேச்சில் சொல்லி, அனுப்பிக்கொண்டே இருந்தேன். போன் என்ன எழுதுகிறது என்று பார்க்க நேரமில்லை.*

பாதிப் படத்தில் அம்மாவிடமிருந்து ஒரு செய்தி:

"நீ கொஞ்சம் சும்மா இரு. வானத்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போறான். பாத்துக்கிட்டு இருக்கேன்."

புரியவில்லை. படத்தைப் பார்த்தேன், அன்றைக்கு முதல் முறையாக, எழுத்துக்கு மேலே. பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதை மேலே பார்க்கப் படுக்க வைத்திருந்தான். மேகம் முழுக்க அதில் இறங்கியிருந்தது. கழுதை வானத்தை இழுத்துக்கொண்டு பொட்டலில் போய்க்கொண்டிருந்தது.

மைக்கிலிருந்து விரலை எடுத்தேன்.

* இந்த வரியை மறக்க வேண்டாம். இந்தக் கதையின் தவறு இதற்குள்தான் இருக்கிறது.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசிக்கிறேன். நீங்களும் டீ குடிப்பதென்றால் குடிக்கலாம்.

அம்மாவுக்குக் காது போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் டி.வி. என்றால் ஒரு சங்கடம். எல்லாரும் சிரிப்போம், அவள் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். ஒருவர் திரும்பி, சிரித்தது எதற்கு என்று கையால் சொல்வார். அதற்குள் சிரிப்பு செத்துவிடும். ஸ்பெயின் படத்தில் அந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் பேசுவது லப்பைக்குடிக்காட்டில் யாருக்குமே புரியாது. ஆஃப்ராவுக்கும் புரியாது, அத்தாவுக்கும் புரியாது. அந்தக் கூடத்தில் அன்று எல்லாருக்கும் ஒரே காது. ஆனால் கண் ஒரே மாதிரி இல்லை. அம்மா ஒரு வருடமாக முகங்களை மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு அந்தப் படிப்பு கிடையாது.

அடுத்து ஒரு ஆள் உள்ளே வர வேண்டும். பக்கத்து வீட்டு ஜெயசுதா அக்கா. ரவிக்கை தைப்பவர். இவரை நான் அளவுக்கு மீறிப் பேச வைக்கிறேனோ என்று சந்தேகமாக இருந்தது. ஆஃப்ராவிடம் கேட்டேன். "நீ எழுதுனது கம்மிண்ணே" என்றாள். ஆகவே விட்டுவிடுகிறேன். அம்மாவின் ரவிக்கையைக் கொடுக்க வந்தவர், வாசலில் நின்றே டி.வி.யைப் பார்த்தார்.

"என்னாடி ஆஃப்ரா, டி.வி.யில கலரு போயிடுச்சா?"

"பழைய படம்க்கா."

"பழைய படம்னா பாட்டு இருக்குமே."

"வரும், உக்காருங்க."

பாட்டு வரவில்லை. அவரும் போகவில்லை. அடுத்த வாரம் ஜும்மா முடிந்து அத்தா வீட்டுக்கு வரும்போது, அவருக்கு முன்னால் வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

5

கடைசி வெள்ளி. விழாவின் கடைசி நாளும் அதுதான்.

படம் சுண்ணாம்புக் குவாரி ஊர் ஒன்றில் நடக்கிறது. மரம், கழுதை, கோயில் மணி எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. அத்தா பார்த்த உடனே, "இது நம்ம அரியலூர் ரோடுல்ல?" என்றாராம். அந்த ஊரில் வயதான ஓர் அம்மா. அவருக்கு ஒரே மகன். கப்பல் ஏறிப் பிழைக்கப் போனவன், தகவல் இல்லை. தினமும் பொழுது சாயும்போது அவர் மேசையில் இரண்டு தட்டு வைப்பார். ஒன்று தனக்கு, ஒன்று எதிரில். ஊர்க்காரர்கள் வந்து, அவன் வரமாட்டான் என்று சொல்வார்கள். அவர் எதிர்த் தட்டைத் துடைத்துத் திரும்ப வைப்பார். படத்தில் அவர் பேசுவதே குறைவு.

இங்கே ஒரு நிமிடம். கடல் தாண்டிப் போன மகன், காத்திருக்கும் தாய். இதை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன் என்று நினைப்பீர்கள். கடைசி நாளில் மீதி இருந்தது அந்தப் படம்தான். பாதியில் நிறுத்திவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் சொன்னது: "இந்தம்மாவுக்கு ஒரே மவன். அவன் கப்பலேறிப் போயிட்டான்."

எங்கள் பக்கம் மகன் என்றால் மவன்தான். போனுக்கு அது தெரியாது. போன் எழுதியது:

[இந்த அம்மாவுக்கு ஒரே மௌனம் அவன் கப்பல் ஏறி போயிட்டான்]

அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களைக் காக்க வைப்பானேன், இப்போதே சொல்கிறேன். அம்மா செய்தியைப் படிப்பாள், பிறகு போனை ஆஃப்ராவிடம் காட்டுவாள், ஆஃப்ரா ஜெயசுதா அக்காவுக்காக வாய்விட்டுப் படிப்பாள். இதுதான் ஏற்பாடு.

"இந்த அம்மாவுக்கு ஒரே மௌனம். அவன் கப்பல் ஏறிப் போயிட்டான்."

"யாரு போனது?"

"மௌனம்."

"மௌனம்னா பேரா?"

"பேருதான்க்கா போல. அவன்னு போட்டிருக்கே."

"புள்ளைக்கு மௌனம்னா பேரு வெப்பாங்க?"

அத்தா நடுவில் வந்து, "ஏன், நம்ம ஊர்ல சாந்தின்னு வெக்கல? அது மாதிரிதான்" என்று முடித்து வைத்தார்.

அதோடு சந்தேகம் தீர்ந்தது. [மௌனம் லெட்டர் போடலையாம்] என்று வந்தால், ஜெயசுதா அக்கா, "பாத்தியா, மௌனம் இப்படிப் பண்ணிட்டான்" என்பார். [மௌனத்த நெனச்சி அழுவுது] என்று வந்தால், "அழாதம்மா, வந்துடுவான்" என்று டி.வி.க்கு ஆறுதல் சொல்வார்.

இதில் அம்மா என்ன நினைத்தாள்? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள் ஆஃப்ரா. எனக்கு இரண்டு செய்தி அனுப்பியிருந்தாள். நான் பேசும் மும்முரத்தில் பார்க்கவில்லை.

"அவ மௌனத்துக்கா சோறு போடுறா?"

கொஞ்ச நேரம் கழித்து:

"நல்லாத்தான் எடுத்திருக்கான்."

6

படம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அந்த அம்மா மேசையில் உட்கார்ந்திருக்கிறார், கதவுக்கு முதுகைக் காட்டி. எதிரில் தட்டு. காலடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது. நாய் தலையைத் தூக்குகிறது. எழுந்து நிற்கிறது. கதவைப் பார்க்கிறது. அந்த அம்மா இன்னும் திரும்பவில்லை.

திரை வெள்ளையானது. விழா நிறைவடைந்தது, கலந்துகொண்டதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்து நின்றது. தொடங்கிய படத்தை முடியும் வரை விட்டுவைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். விடவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். நன்றி, நன்றி, நன்றி.

என் கம்பெனி போனுக்கு ஆஃப்ரா வீடியோ கால் போட்டாள். அவளுக்குப் பின்னால் எங்கள் டி.வி.யிலும் அதே வெள்ளை.

"அண்ணே! என்னண்ணே இது!"

"விழா முடிஞ்சிடுச்சாம்."

"படம் முடியலியே!"

அவளைத் தள்ளிவிட்டு ஜெயசுதா அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. "தம்பி, நல்லாருக்கீங்களா? அந்த மௌனம் வந்தானா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க."

"எந்த மௌனம்க்கா?"

"என்னங்க நீங்க! அந்தம்மா புள்ள. கப்பல்ல போனானே!"

அப்போதுதான் என் போனில் மேலே போய்ப் பார்த்தேன். மௌனம், மௌனம், மௌனம். படம் முழுக்க, வரிக்கு வரி. காது கேட்காத, பேசாத என் அம்மாவுக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேலாக, ஒரே மௌனம் ஒரே மௌனம் என்று அனுப்பியிருந்தேன். கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பாளா? வீடியோவில் அம்மா தெரிந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுடா, அங்க தெரியுதா?" என்றார் அத்தா.

தெரியவில்லை. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே நானே ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. உங்களிடம் மறைக்காமல், அந்த நேரத்தில் மனதில் ஓடியவற்றை வைக்கிறேன்.

முடிவு ஒன்று: கதவைத் திறந்தால் கப்பல் கம்பெனி ஆள். கையில் மகனின் தொப்பி. (இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கப்போவது என் அம்மா.)

முடிவு இரண்டு: கதவைத் திறந்தால் யாரும் இல்லை. காற்று. தூசி. இதுதான் விழாவுக்குப் போகும் படங்களின் முடிவு மாதிரி இருந்தது. ஜெயசுதா அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

முடிவு மூன்று: மகன் வந்துவிட்டான்.

மூன்றாவதையே எடுத்தேன். தள்ளி இருக்கும் எந்த மகனும் அதைத்தான் எடுப்பான். மைக்கை அழுத்தி, படத்தைப் பார்த்தவன் மாதிரியே சொன்னேன். அவசரத்தில் மறுபடியும் ஊர்ப் பேச்சு.

[அந்த அம்மா மௌனம் வந்துட்டான் ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுறாங்க சந்தோஷம்]

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். மௌனம் வந்துட்டான்.

அம்மா போனை எடுத்தாள். படித்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "இல்ல" என்றாள்.

7

இந்தப் பகுதியை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் சின்னதாகிவிடுகிறது. நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

ஆஃப்ராவின் கையிலிருந்து போன் நழுவித் தரையில் மல்லாக்க விழுந்தது. எனக்குக் கூரையும் சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. யாருடைய முகமும் இல்லை. குரல் மட்டும். ஒரு வருடமாக அம்மாவுக்கு உலகம் சத்தம் இல்லாத படமாக ஓடியது. எனக்கு அன்றைக்குப் படம் இல்லாத சத்தமாக அவள் வந்தாள்.

வெள்ளாற்றின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுகிற உயரத்தில் இருந்தது அந்தக் குரல். ஏற வேண்டாத இடத்தில் ஏறியது, இறங்க வேண்டாத இடத்தில் இறங்கியது. மூச்சு விடும் இடம் மாறியிருந்தது.

"இல்லடா அனசு! நீ எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்க, படத்தப் பாக்கல! நாய் ஏந்திரிச்சிச்சில்ல? வால ஆட்டுச்சா? ஆட்டல! மவன்னா ஆட்டும்!"

மவன் என்றாள்.

நான் பதில் பேசினால் அவளுக்குக் கேட்காது. என் போனில் மைக்கை அழுத்தி, நான் சொன்னது மவன் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். எழுத்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"தெரியாமயா! நீ மவன்னு சொல்ற, இது மௌனம்னு போடுது! நீ சுத்தமா பேசியிருந்தா சரியா போட்டிருக்கும், எனக்கு யாரு பேச்சோன்னு இருந்திருக்கும்! தப்பா போடும்போதுதான்டா நீ எப்படிப் பேசுறன்னு தெரியுது!"

அடைப்புக்குள் இருப்பவற்றை நான் ஏன் திருத்தவில்லை என்று இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடமாக என் அம்மாவுக்கு என் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போன் செய்த பிழைகளில் கேட்டிருக்கிறது. 'வூடு' என்று நான் சொல்லி அது [ஊடு] என்று எழுதிய இடத்தில், என் வாய் குவிவதை அவள் பார்த்திருக்கிறாள். பிழை இல்லாத செய்திகளுக்கெல்லாம் "ம்" என்று பதில் போட்டவள் அவள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

பிறகு நடந்தவை ஆஃப்ரா சொன்னவை. இந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்குமே என்று அவள் பழக்கத்தில் எழுந்து சன்னலைச் சாத்தப் போயிருக்கிறாள்.

"சன்னல சாத்தாத" என்றார் அத்தா. "கெடக்கட்டும்."

இது எனக்கும் கேட்டது. அத்தாவின் குரல் சரியாக இல்லை.

ஜெயசுதா அக்காவுக்கு இதெல்லாம் கவலை இல்லை. அவருக்குப் படத்தின் முடிவுதான் வேண்டும். அம்மாவின் முகத்துக்கு நேராகப் போய், கையை விரித்து, ஒவ்வோர் எழுத்தாக வாயை அசைத்துக் கேட்டாராம். "அப்ப, கதவாண்ட, வந்தது, யாரு?"

அம்மா சொன்னாள்.

நாய் ஏன் எழுந்தது என்பதிலிருந்து தொடங்கினாள். அந்த அம்மா ஏன் திரும்பவில்லை என்று சொன்னாள். யார் வந்தது, எதிர்த் தட்டில் யார் சாப்பிட்டது, மகன் என்ன ஆனான், எல்லாம் சொன்னாள். இடையில் ஜெயசுதா அக்கா "ஐயோ" என்றார். ஆஃப்ரா மூக்கை உறிஞ்சினாள். நான் மின்விசிறியைப் பார்த்தபடி, கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டேன். எடுத்தவன் வேறு முடிவு வைத்திருந்தால் அது அவன் பாடு. இதைவிடச் சரியாக இருக்க வழியில்லை.

அந்த முடிவை நான் இங்கே வைக்கப்போவதில்லை. வைக்க முயற்சி செய்தேன். "கதவுக்கு வெளியே நின்றது" என்று தொடங்கி, அழித்தேன். மறுபடி "நாய் பார்த்தது என்னவென்றால்" என்று தொடங்கி, அதையும் விட்டேன். வார்த்தைகள் எல்லாம் நினைவில் இருக்கின்றன. எழுத்தில் வைத்ததும் அவை என் குரலில் பேசத் தொடங்குகின்றன. ஒரு வருடம் வேனில் உட்கார்ந்து அந்தத் தவற்றைச் செய்தவன் நான். மறுபடி செய்யமாட்டேன்.

உங்களுக்கு முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வழி சொல்கிறேன். பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் இருக்கிறது. திட்டக்குடிப் பக்கமிருந்து என்றால் ஆற்றைத் தாண்டி வரலாம். அத்தா பெயரைச் சொல்லி, செருப்புக் கடை சைபுல்லா வீடு என்று கேளுங்கள். கதவைத் தட்டிப் பயனில்லை, ஆஃப்ரா காலேஜ் போயிருப்பாள். சன்னல் திறந்திருக்கும், கையை ஆட்டுங்கள். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஏதாவது குடிக்கக் கொடுப்பாள். அந்தப் படத்துக்கு முடிவு என்ன என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எப்படி எழுதினாலும் புரிந்துகொள்வாள்.

சொல்வாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கையைக் கீழே பார்க்கக் காட்டி, மெதுவா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.